ஒரு கெஜம்

நாடியைத் தாங்கிப் பிடித்து உச்சந்தலையில் முடிச்சுப் போடும்போது சாயிமாவின் விரல்கள் இரண்டு முறை வழுக்கின. உம்மாவின் பழைய துப்பட்டாவில் கிழித்த துணி அது. மூன்றாவது முறை முடிச்சு நின்றது. வாப்பாவின் வாய் மூடிக்கொண்டது. எதையோ சொல்ல வந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டவரைப் போலக் கிடந்தார் அப்துல் பாரி.

கட்டிலின் கால்மாட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பச்சைத் தரையின் நடுவே சிலர் நின்றார்கள். ஒருவர் காசைச் சுண்டினார். கூட்டம் இரைந்தது.

"அஞ்சரைக்குப் போட்டுவிடு. மறந்துடாதே" என்று முந்தின நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா சொல்லியிருந்தார். ஈரல் வீங்கி, சோறு இறங்காமல் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அவராகக் கேட்டது அந்த ஒன்றுதான். அவளும் ஐந்தரைக்கே எழுந்து போட்டுவிட்டாள். முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தாள். வாய் கொப்பளிக்க வெந்நீர் எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. கண்கள் திறந்தே இருந்தன, ஆனால் தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை.

உம்மு சல்மா கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தாள். ஓதுவதை நிறுத்தாமலே கையை அசைத்தாள். பிறகு நிறுத்தினாள்.

"அத அமத்து, சாயிமா. மலக்குமாரு வானத்துலேருந்து எறங்குற நேரம்."

"காக்கா பாதி ஆட்டத்துல கூப்பிடுவாஹ, உம்மா. என்ன நடந்துச்சுன்னு தெரியாம நான் என்ன பேசுறது?"

உம்மா அவளைப் பார்த்தாள். சாயிமா ஒலியை மட்டும் அடக்கினாள். பெட்டியைச் சுவர்ப் பக்கம், கட்டிலில் கிடந்த மய்யித்துக்குத் தெரியாதபடி திருப்பி வைத்தாள்.

"அவன்ட்ட இப்ப சொல்லாதே" என்றாள் உம்மா. "மண்ணு போட்டப்புறம் சொல்லு. மண்ணு போட்டுட்டா அவனுக்கு வர்றதுக்கு ஒண்ணும் இல்ல."

அவ்வளவுதான். மறுபடி ஓத ஆரம்பித்துவிட்டாள்.

காக்கா, அவளுடைய அண்ணன் ஷாநவாஸ், யாங்கோனை விட்டுப் போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது. தொண்ணூற்றாறு டிசம்பரில் பர்மாவின் ராணுவ ஆட்சியை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கியபோது அவனும் இறங்கினான். மூன்றாம் நாள் வீட்டுக்கு உளவுத்துறை ஆட்கள் தேடி வந்தார்கள். அதற்கு முந்தின நாளே அவன் கிளம்பியிருந்தான். தாய்லாந்து எல்லையில் பத்து வருஷம் முகாமில் கிடந்தான். இரண்டாயிரத்து நாலில் வாப்பாவுக்கு வயிற்றில் அறுவை என்று யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். அன்றே புறப்பட்டு எல்லை ஆற்றைக் கடந்துவிட்டான். கூட வந்தவன் அமீர் அலி, டாலாக்காரன், சின்ன வயசிலிருந்து சிநேகிதன். இக்கரையில் அமீர் அலி பிடிபட்டான். ஷாநவாஸ் தண்ணீரில் குதித்துத் திரும்பிவிட்டான். அமீர் அலி இன்னும் உள்ளேதான் இருக்கிறான். அவனுடைய உம்மா பல்கீஸ் மாதம் ஒருமுறை, யாங்கோனுக்கு எதிர்க்கரையான டாலாவிலிருந்து படகேறி வந்து, சோற்றுப் பொட்டலத்தோடு சிறைவாசலில் வரிசையில் நிற்கிறாள்.

இப்போது ஷாநவாஸ் அமெரிக்காவில், இண்டியானாவில் இருந்தான். கார்ச் சாமான் செய்யும் ஆலையில் வேலை. அங்கிருந்து அவன் முதன்முதலாகக் கூப்பிட்டபோது வாப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எப்படா வருவே?" உடனே ஒரு 'களுக்' சத்தம் கேட்டது. பிறகு தொலைபேசி செத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு மாதம் அவன் கூப்பிடவில்லை. மறுபடி கூப்பிட்டபோது தகப்பனும் மகனும் வேறு எதுவும் பேசவில்லை. விளையாட்டைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். அமெரிக்கர்களின் கால்பந்தைப் பற்றி. காலால் உதைக்கிற நம் பந்து இல்லை, கையில் ஏந்திக்கொண்டு மோதுகிற பந்து. கேட்டுக்கொண்டிருப்பவன் யாராக இருந்தாலும் அதில் எழுதிக்கொள்ள ஒன்றும் கிடைக்காது.

அந்த விளையாட்டு அவர்களுக்கு முன்பே தெரியும். அப்துல் பாரி போட்டாதாங் துறையில் மூட்டை தூக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரி. தொண்ணூற்று நாலில் ஓர் அமெரிக்க இன்ஜினியருக்குக் கிட்டங்கி காவலும் அவர் பார்த்தார். அந்த ஆள் ஊர் திரும்பும்போது ஒரு பெட்டி நிறைய வீடியோ நாடாக்களைக் கொடுத்துவிட்டுப் போனான். படமாக இருக்கும் என்று நினைத்துப் போட்டால் பதினொரு நாடாவும் விளையாட்டு. ஆனாலும் அப்பனும் மகனும் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். பத்து கெஜம் போக நாலு வாய்ப்பு. முன்னால் ஐந்து தடியர்கள் தோளைக் கொடுத்து வழி திறப்பார்கள். பின்னால் ஒருவன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தச் சந்தில் தலையை நுழைப்பான். மூன்று கெஜம், நாலு கெஜம், விழுவான். மறுபடி எழுவான். "துறை வேலை மாதிரியேதான்" என்று வாப்பா தொடையைத் தட்டிச் சிரிப்பார். "தோளக் குடுத்தா அடுத்த ஆளுக்கு வழி."

ஆனால் ஷாநவாஸ் அமெரிக்கா போய்ச் சேர்ந்தபோது அங்கே ஆட்டம் மாறிப்போயிருந்தது. மாடியில் சாட்டிலைட் தட்டு வைத்து, அங்கே ஞாயிறு நடப்பதைத் திங்கள் காலைகளில் வாப்பா பார்க்கத் தொடங்கியதும் அவருக்குப் பொறுக்கவில்லை. மோதிக்கொண்டு நின்ற கூட்டத்தைக் காணோம். நாலைந்து பேர் மைதானத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விலகிப் போய்த் தனித்தனியாக நின்றார்கள். எறிபவன் பின்னால் தள்ளி நின்று பந்தை வாங்கினான், யார் தனியாக நிற்கிறான் என்று பார்த்தான், எறிந்தான். மறுபடி எறிந்தான். ஓடுகிறவன் இருந்த இடம் சில சமயம் காலியாகவே கிடந்தது.

"என்னடா இது, பந்து தூக்கி ஓட ஒரு ஆளு கூட இல்லியே?" என்பார் தொலைபேசியில்.

"இப்ப இதான் வாப்பா ஆட்டம். பரந்து நின்னாத்தான் எதிராளியும் பரந்து நிக்கணும். நடுவுல முட்டிக்கிட்டு நிக்கிறதுல என்ன கெடைக்கும்? தூரத்துல தனியா நிக்கிறவனை யாரும் தொட முடியாது."

"தனியா நிக்கிறவனுக்கு என்னடா பெருமை?"

ஷாநவாஸ் ஒவ்வொரு தடவையும் அடுத்த ஆட்டத்துக்குப் பேச்சை மாற்றிவிடுவான். அவனுடைய இண்டியானா அணி அப்படி எறிந்தேதான் இந்த வருஷம் கடைசி ஆட்டம் வரை வந்திருந்தது. எதிரில் நின்ற அணியும் அதே மாதிரி எறிகிற அணிதான்.

வாப்பாவால் படி இறங்க முடியாமல் போன இரண்டு மாதமாகச் சாயிமாதான் நடுவில் நின்றாள். கீழே ரவூப் மாமாவின் கயிற்றுக்கடையில்தான் தொலைபேசி. அழைப்பு வந்தால் அவர் தெருவில் தொங்கும் கயிற்றை இழுப்பார். மூன்றாம் மாடி பால்கனியில் மணி அடிக்கும். அவள் இறங்கிப் போய்க் கேட்டு, ஏறி வந்து சொல்லி, பதிலை வாங்கிக்கொண்டு மறுபடி இறங்குவாள். காக்காவின் கோபம், வாப்பாவின் கிண்டல் எல்லாம் அவள் வாய் வழியாகப் போய்வந்தன.

ஏழு மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. லைங் தாயாவில் அவள் வேலை பார்க்கும் தையல் ஆலையின் வண்டி முனையில் வந்து நின்று ஒலி எழுப்பியது. யாரோ போய்ச் சொன்னார்கள். வண்டி போய்விட்டது. பெண்கள் உள்ளே வந்து உட்கார உட்கார, சாயிமா சுவரோரம் போய்த் திரையை ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். எதிரணிக்கு ஒரே ஒரு கெஜம் மிச்சம். கடைசி வாய்ப்பு. எறியாமல் ஓடினார்கள். ஒருவன் பந்தோடு பக்கவாட்டில் ஓடினான். இண்டியானாக்காரர்கள் நாலு பேர் அவன் மேல் விழுந்தார்கள். எழுந்து பார்த்தால் கோடு இன்னும் முன்னால் கிடந்தது.

ஏழு இருபதுக்கு மணி அடித்தது.

பெண்கள் எல்லாரும் பால்கனியைப் பார்த்தார்கள். உம்மாவின் ஓதல் ஒரு மூச்சு நின்று தொடர்ந்தது. சாயிமா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். குறுகிய படியில் மேலே வந்துகொண்டிருந்த ஆண்கள் சுவரோடு ஒட்டி அவளுக்கு வழி விட்டார்கள்.

ரவூப் மாமா தொலைபேசிக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நான் ஒண்ணும் சொல்லல" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கொடுத்துவிட்டு, தேங்காய்நார்க் கயிற்றுச் சுருள்களின் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"சாயிமா! வாப்பா பாத்தாஹளா? பத்துக்கு ஆறு!" ஷாநவாஸின் குரலுக்குப் பின்னால் பலர் கத்துவது கேட்டது. "அந்த ஒரு கெஜத்தைப் பாத்தாஹளா? ஓடினான், முடியல. வாப்பாட்ட சொல்லு, ஓடுற காலம் முடிஞ்சுபோச்சுன்னு."

"சொல்றேன்."

"இப்பவே போய்ச் சொல்லிட்டு வா. என்ன சொல்றாஹன்னு கேட்டுட்டு வா. நான் வைக்க மாட்டேன்."

அவள் கருவியை மேசை மேல் வைத்தாள். மாடிக்குப் போகவில்லை. கடை வாசலில் நின்று, மூன்று மாடி ஏறி இறங்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் தெருவைப் பார்த்தாள். மொஹிங்கா சேமியா விற்கிற பெண் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து கருவியை எடுத்தாள்.

"ஒரு கெஜம் தள்ள முடியாதவனுக்கு ஆட்டம் எதுக்குன்னு கேக்குறாஹ."

ஷாநவாஸ் வாய்விட்டுச் சிரித்தான். "அப்படியா சொன்னாஹ? வாப்பா மாறவே மாட்டாஹ." சிரிப்பு அடங்கியது. "வலி இருக்கா?"

"இல்ல. இப்ப வலி இல்ல."

"தூங்குனாஹளா?"

"ம்."

"அல்ஹம்துலில்லாஹ். முடிஞ்சதும் கூப்பிடுறேன்."

வாப்பாவின் வாயில் அவளாக ஒரு சொல்லை வைத்தது அதுதான் முதல் தடவை. அவ்வளவு சுலபமாக வந்துவிட்டதே என்று அவளுக்கு உடம்பு கூசியது.

மேலே வந்தபோது மூலையில் பல்கீஸ் உட்கார்ந்திருந்தாள். டாலாவிலிருந்து முதல் படகிலேயே வந்துவிட்டாள் போலிருக்கிறது. புடவை விளிம்பு நனைந்திருந்தது. உம்மா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அமீர் அலி பிடிபட்ட இந்த ஆறு வருஷமாகப் பார்த்ததே இல்லை. பல்கீஸ் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தாள். யாரோ தேநீர் கொடுத்ததை வாங்கி, உம்மாவின் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். தேநீர் ஆறிப் பாலாடை படிந்தது.

ஒன்பதே காலுக்கு மறுபடி மணி.

"போச்சு" என்றான் ஷாநவாஸ். இப்போது பின்னால் சத்தமே இல்லை. "எட்டிப் பிடிச்சிருக்கலாம், சாயிமா. எறிஞ்ச பந்து நேரா எதிராளி கையில போய் உக்காந்துட்டு. எழுபத்து நாலு கெஜம். ஒருத்தனும் அவனைத் தொடல."

"பாத்தேன்." அவள் பார்க்கவில்லை. அந்த நேரம் மய்யித்தைக் குளிப்பாட்ட இலந்தை இலை ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பாட்ட சொல்லு. கடைசியில ஒருத்தன் ஓடித்தான் முடிச்சு வச்சான்னு. சந்தோஷப்படுவாஹ." குரலைத் தாழ்த்தினான். "சாயிமா, எனக்கு ஒரு தடவை வாப்பா குரலைக் கேக்கணும் போல இருக்கு. யாராவது ரெண்டு பேரு நாற்காலியில வச்சுத் தூக்கிட்டு வர முடியாதா? ஒரு நிமிஷம் போதும்."

அவள் வாயைத் திறப்பதற்குள் ஜமால் மாமா கடைக்குள் நுழைந்தார். துறையில் வாப்பாவோடு முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர், காது மந்தம், அதனால் எப்போதும் கத்தித்தான் பேசுவார்.

"ரவூபு! கபன் துணி வந்துட்டா? லுஹருக்கு மய்யித்தை எடுத்துடணும்!"

ரவூப் பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்தார். தாமதமாகிவிட்டது.

தொலைபேசியில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"யாருக்கு?" என்றான் ஷாநவாஸ். "சாயிமா. யாருக்கு மௌத்து?"

அவள் எதிரே நின்ற ஜமாலைப் பார்த்தாள். வெள்ளைத் தாடி, நெற்றியில் மூட்டைப் பட்டை அழுத்திய பழைய தழும்பு.

"ஜமால் மாமாக்கு" என்றாள்.

அது ஜமாலின் மந்தக் காதிலும் விழுந்துவிட்டது. ரவூபைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் கையில் இருந்த கருவியைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார். சத்தம் வராமல் சுவரோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"இன்னாலில்லாஹி…" என்றான் ஷாநவாஸ். அவன் மூச்சு விடுவது கேட்டது, பெரிய மூச்சு. "நான் ஒரு நிமிஷம்… சரி. வாப்பாட்ட மெதுவா சொல்லுங்க. தாங்க மாட்டாஹ. ரெண்டு பேரும் ஒண்ணாவே கெடந்தவுஹ."

"சொல்றோம், காக்கா."

"இனி செப்டம்பர்லதான் ஆட்டம். அதுக்குள்ள வாப்பாக்குத் தேறிடும். தேறிடும்ல?"

அவள் கருவியை வைத்துவிட்டாள். கையில் கயிற்றுக்கடையின் நார் ஒட்டியிருந்தது.

நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் எடுத்தார்கள். மய்யித்தைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டி அந்தப் படியில் திரும்பாது. ஒவ்வொரு சாவுக்கும் அதே கஷ்டம்தான். தெருவில் சந்தூக்கை வைத்துவிட்டு, வெள்ளைக் கபன் சுற்றிய மய்யித்தைப் பாயோடு சேர்த்துக் கையில் தூக்கி இறக்கினார்கள். துறையில் வேலை செய்த கிழவர்கள் ஆறு பேர், வேறு யாரையும் தொடவிடவில்லை. அந்தத் துறையிலும் இப்போது பாரந்தூக்கிகள் வந்துவிட்டன; இவர்களுக்கு வேலை இல்லாமல் போய் நாலைந்து வருஷம் இருக்கும். ஜமால் கீழ்ப்பக்கம் நின்று பாரத்தை நெஞ்சில் வாங்கிக்கொண்டு பின்புறமாக இறங்கினார்.

"தோளக் குடு. விடாதே. ஒரு படி. இன்னொரு படி. நில்லு, மூச்சு வாங்கிக்க."

இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டார்கள். மேலே கதவருகில் பெண்களோடு நின்ற சாயிமாவுக்கு வெள்ளைத் துணியின் நுனி மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நகரவில்லை. கிழவர்களின் மூச்சு மட்டும் படிக்கட்டில் ஏறி வந்தது. பிறகு யாரோ 'யா அல்லாஹ்' என்றார்கள். வெள்ளை நுனி மறைந்தது.

பால்கனிக்கு ஓடி எட்டிப் பார்த்தபோது சந்தூக் தோளுக்கு ஏறிவிட்டிருந்தது. யேவே மையவாடிக்குப் போக லாரி முனையில் நின்றது. தெருவில் எதிரே வந்த சைக்கிள் ரிக்‌ஷாக்காரன் ஓரங்கட்டி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

அஸருக்கு ஆண்கள் திரும்பி வந்து, மண் ஒட்டிய கால்களைக் கீழே குழாயில் கழுவினார்கள். உம்மா அப்போதுதான் எழுந்து உட்கார்ந்த இடத்தை விட்டு நகர்ந்தாள்.

"போய் இப்ப சொல்லு" என்றாள்.

ரவூப் மாமா ஏற்கெனவே தந்தி ஆபீசில் வெளிநாட்டு அழைப்புக்குப் பதிந்து வைத்திருந்தார். ஐந்து மணிக்குக் கடைத் தொலைபேசியில் இணைப்புக் கிடைத்தது. அங்கே அப்போது விடியவில்லை.

"யாரு? சாயிமாவா? என்ன?"

"வாப்பா மௌத்தாயிட்டாஹ, காக்கா."

அவள் மறுமுனைக்குக் காத்திராமல் சொல்லிக்கொண்டே போனாள்.

"காலையில. ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாலயே. லுஹருக்கு எடுத்தாச்சு. யேவேலதான். உம்மாதான் சொல்ல வேண்டாம்னாஹ. மண்ணு போட்டாச்சு, காக்கா. இனி வராதீங்க."

அவன் கேட்டான்: "அந்த ஒரு கெஜம்? அது…"

"நான் சொன்னது."

"ஜமால் மாமா?"

"இங்கதான் இருக்காஹ. அவுஹதான் எறக்கினாஹ."

அவன் அழவில்லை. எங்கேயோ யாரோ கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. ஒரு வண்டி இரண்டு முறை ஒலித்தது.

"வேலைக்கு வண்டி வந்துட்டு" என்றான்.

"போங்க."

"எங்கிட்ட நல்லா இருந்தாஹளா, கடைசியில? எம் மேல கோவம் இல்லாம?"

அவள் பதில் சொல்லத் தொடங்கினாள். நடுவில் வேறொரு பெண் குரல் பர்மிய மொழியில் நேரம் முடிந்தது என்று சொன்னது. அவ்வளவுதான்.

புதன்கிழமை காலையில் குடும்பப் பட்டியலை எடுத்துக்கொண்டு சாயிமா வட்டார அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் நடுவயதுப் பெண். கன்னத்தில் தனாகா மரப்பட்டைப் பூச்சு, மேசையில் பாதி தின்ற பழம். பட்டியலைப் பிரித்து, நாலு பெயர்களையும் வாய்க்குள் வாசித்தாள். அப்துல் பாரியின் பெயருக்கு எதிரே தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். இரண்டாவதாக இருந்த ஷாநவாஸின் பெயரில் விரலை வைத்தாள்.

"இனி இவர்தான் குடும்பத் தலைவர். கையெழுத்து இவர் போடணும். எங்கே இவர்?"

"இங்கே இல்லை."

"வருஷா வருஷம் உங்க அப்பா வந்து இதே நாற்காலியில உட்காருவார். பேரை எடுத்துடலாம்னா கேட்க மாட்டார். இருக்கட்டும், இருக்கட்டும்பார். சரின்னு நாங்களும் விட்டோம். இப்போ கையெழுத்து இல்லாம நான் எப்படிம்மா மாத்துறது?" அவள் குரலில் கடுமை இல்லை. "ஒண்ணு அவர் வரணும். இல்லேன்னா எடுக்கணும்."

மின்விசிறி நின்றுபோயிருந்தது. வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டினார்கள்.

"எடுத்துடுங்க" என்றாள் சாயிமா.

எழுத்தர் இழுப்பறையிலிருந்து சிவப்புப் பேனாவையும் மர அளவுகோலையும் எடுத்தாள். அளவுகோலைத் துணியால் துடைத்தாள். முதல் பெயரின் மேல் ஒரு கோடு, கீழே இறங்கி இரண்டாவதன் மேல் ஒரு கோடு, இரண்டும் நேராக வந்தன. மை காயட்டும் என்று தாளைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மிச்சமிருந்த பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.